கத்தி மூக்கா, கரண்டி மூக்கா? பனிக்கட்டி உடைக்கும் கப்பலைப் பற்றி ஒரு சந்தேகம்

கேட்டவர்: மலைக்கணக்கு, ஏற்காடு

வணக்கம். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவு, பழம் பறித்த கூலி, டீசல் செலவு, மிளகு எடை, இவற்றைத் தாண்டி எனக்கு அதிகம் தெரியாது. கப்பலை நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. மெரினாவில் நின்றபோது தொடுவானத்தில் கடுகு போல ஒன்று தெரிந்தது. கப்பல் என்றார்கள், நம்பினேன். இப்போது அந்தக் கப்பல் விஷயத்தில்தான் ஒரு சின்னப் பெண்ணிடம் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன்.

நாகலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் குறும்படம் காட்டுகிறோம். புரொஜெக்டர் இரவல். என் வீட்டுக்காரரின் எட்டு முழ வேட்டிதான் திரை. போன சனிக்கிழமை போட்டது வட துருவக் கடலில் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகும் கப்பலைப் பற்றிய ஆவணப்படம், மொத்தம் பதினான்கு நிமிடம். வர்ணனை ரஷ்ய மொழியில் இருந்ததால் ஒலியைக் குறைத்துவிட்டு நானே பக்கத்தில் நின்று கதை சொன்னேன். முதல் நாள் இரவு கொஞ்சம் படித்தும் வைத்திருந்தேன். 1959-இல் ஓடத் தொடங்கிய 'லெனின்'தான் அணுசக்தியால் ஓடிய முதல் பனி உடைக்கும் கப்பல், இன்று அது மூர்மான்ஸ்க் துறைமுகத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது என்றேன். 1977 ஆகஸ்டில் 'ஆர்க்டிகா' என்ற கப்பல் வட துருவத்தையே தொட்டது, நீருக்கு மேல் ஓடும் கப்பல்களில் அதுதான் முதல் என்றேன். இதெல்லாம் சரியாகத்தான் சொன்னேன். சரியாகச் சொன்னதை ஒருவரும் கவனிக்கவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. ஆறரை மணிக்கு மேல் மூடுபனி ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள் இறங்கிவிட்டது. புரொஜெக்டர் வெளிச்சம் திரை வரைக்கும் பால் ஊற்றியதுபோலத் தெரிந்தது. படத்திலிருந்து பனி வெளியே வருகிறது என்று பிள்ளைகள் ஒரே கூச்சல். அவர்களுக்கு மூடுபனியும் பனி, காலையில் புல்லில் நிற்கும் நீரும் பனி, திரையில் பாறைபோலக் கிடப்பதும் பனி. "இது வேறு பனி, உடைக்க வேண்டிய பனி" என்று விளக்கப் போய்த்தான் வாயைக் கொடுத்தேன். "இந்தக் கப்பலின் மூக்கு கத்தி போலக் கூராக இருக்கும். பனிக்கட்டியை அறுத்துக்கொண்டே போகும்" என்று சொல்லிவிட்டேன்.

முதல் வரிசையில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அப்பா மலைக்கும் சேலத்துக்கும் லாரி ஓட்டுகிறார். வண்டி, சக்கரம், பிரேக் என்று எதைப் பேசினாலும் அவளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். "கத்தி போல இல்லையே அக்கா, குழிக்கரண்டி போல அல்லவா இருக்கிறது?" என்றாள். திரும்பித் திரையைப் பார்த்தேன். குழிக்கரண்டியேதான். "தூரத்திலிருந்து எடுத்த படம், அப்படித்தான் தெரியும்" என்று சமாளித்தேன். அடுத்த காட்சியே என்னைக் காட்டிக்கொடுத்தது. கப்பல் முன்பக்கத்தைத் தூக்கிப் பனிக்கட்டியின் மேல் ஏறியது. ஒரு மூச்சு நின்றது. பிறகு பொதுக்கென்று இறங்கியது. "அறுக்கவில்லை அக்கா, ஏறி உட்கார்ந்து உடைக்கிறது" என்றாள். நான் ஒலியைக் கூட்டிவிட்டேன். அந்த ரஷ்யரே பேசட்டும்.

பேரேட்டில் பிழை விழுந்தால் ரப்பரால் அழிக்கக் கூடாது. ஒரு கோடு அடித்து, சிவப்பு மையில் சரியான தொகையை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அதே பிள்ளைகளுக்கு முன்னால் இதையும் அப்படியே செய்வதாக இருக்கிறேன். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அவள் சொன்னதுதான் சரியா? கூரான மூக்கு இருந்தால் வேலை சுலபம்தானே, ஏன் மழுங்கலாகக் கட்டுகிறார்கள்? ஓர் இடத்தில் கப்பல் பின்வாங்கிப் பின்வாங்கி முட்டியது, இன்னோர் இடத்தில் நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடியது, இரண்டுக்கும் காரணம் என்ன? இதே கப்பல் தென் துருவத்துக்கும் போகுமா என்று ஒருவன் கேட்டான். நம் நாட்டில் இப்படி ஒன்று உண்டா என்று இன்னொருவன். நான் "அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று எழுந்து வேட்டியை மடித்தேன்.


மறுமொழி: பழைய எஞ்சின்காரன், ஆத்தூர்

அம்மா, அந்தப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். பனி உடைக்கும் கப்பலில் வேலை செய்ததில்லை. ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

பனிக்கட்டியை அமுக்கினால் நன்றாகத் தாங்கும். வளைத்தால் தாங்காது. கடலை மிட்டாய்ப் பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கத்தியை வைத்து அழுத்தினால் உங்கள் மணிக்கட்டுத்தான் வலிக்கும். விளிம்பைப் பிடித்து வளைத்தால் டப்பென்று போய்விடும். கப்பல் செய்வதும் அதுதான். சாய்வான மூக்கு, பின்னாலிருந்து எஞ்சின் தள்ள, பனித்தளத்தின் விளிம்பில் ஏறுகிறது. ஆயிரக்கணக்கான டன் எடை அந்த விளிம்பின் மேல் இறங்குகிறது. தளம் கீழ்நோக்கி வளைகிறது, முறிகிறது. அந்த வேலையில் எஞ்சினுக்குப் பாதி, புவியீர்ப்புக்குப் பாதி.

கூரான மூக்கு இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? பச்சை மரத்தில் கோடரி மாட்டிக்கொள்வதுபோல ஆப்பாக இறங்கி நின்றுவிடும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1864-இல் ரஷ்யாவின் க்ரோன்ஸ்டாட் துறைமுகத்தில் மிகைல் பிரிட்னெவ் என்ற கப்பல் முதலாளி, 'பைலட்' என்ற தன்னுடைய சின்ன நீராவிக் கப்பலின் மூக்கை நீருக்குக் கீழே சாய்வாக, கிட்டத்தட்ட 20 டிகிரிக்கு, மாற்றிக் கட்டினார். பனிக்கட்டியின் மேல் ஏறட்டும் என்றுதான் அப்படிச் செய்தார். இன்றைய பனி உடைக்கும் கப்பல்களுக்கெல்லாம் அதுதான் பாட்டி. ஆகக் கத்தியை வெட்டிக் கரண்டி ஆக்கியே நூற்று அறுபது ஆண்டு ஆகிவிட்டது. உங்கள் மாணவி கொஞ்சம் தாமதமாகப் பிறந்துவிட்டாள், அவ்வளவுதான்.

பின்வாங்கி முட்டுவது, தளம் மிகவும் கனமாக இருந்தால். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 'போலார் ஸ்டார்', 1976-இலிருந்து ஓடுகிற கிழம், சுமார் 1.8 மீட்டர் கனத்தை நிற்காமல் உடைத்துக்கொண்டு போகும். பின்வாங்கி முட்டினால் 6 மீட்டருக்கு மேலும் உடைக்கும். ஆனால் ஒவ்வொரு முட்டுக்கும் சில அடிதான் நகரும். கொண்டை ஊசி வளைவில் பாரவண்டி பின்னால் வந்து பின்னால் வந்து ஏறுவதை அவள் அப்பாவிடம் கேட்டால் அவரே சொல்வார்.

நின்ற இடத்தில் ஆடுவதற்குக் காரணம் இரண்டு பக்கமும் உள்ள தொட்டிகள். ஒரு பக்கத்துத் தண்ணீரை மறுபக்கத்துக்குப் பம்பு செய்து கப்பலை வேண்டுமென்றே ஆட்டுவார்கள். பக்கச் சுவரில் கவ்விய பனிக்கட்டி விட்டுவிடும். சில கப்பல்களில் நீர்மட்டத்துக்குக் கீழே துளைகள் வைத்துக் காற்றைக் குமிழியாக ஊதுவார்கள், உராய்வு குறைய.

அடிப்பக்கமும் இந்தக் கப்பல்களுக்கு உருண்டையாகவே இருக்கும். பக்கவாட்டில் பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே பிதுங்கிவர வேண்டும். பழுத்த காப்பிப் பழத்தை விரலிடுக்கில் நசுக்கினால் கொட்டை வழுக்கித் துள்ளுமே, அந்தக் கணக்கு. நார்வேக்காரர் நான்சன் 1893-இல் 'ஃப்ராம்' என்ற மரக்கப்பலை இந்த நம்பிக்கையில்தான் பனிக்குள் வேண்டுமென்றே உறையவிட்டார். மூன்று வருடம் மிதந்து 1896-இல் முழுதாக வெளியே வந்தது. தென் துருவப் பயணி ஷாக்கில்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பல் அப்படி உருண்டை இல்லை. 1915-இல் தென் துருவக் கடலில் நசுங்கி மூழ்கியது. 2022-இல்தான் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். உருண்டை அடிக்கு ஒரு தண்டனையும் உண்டு. பனியில்லாத கடலில் தொட்டில்போல உருளும். மாலுமிகள் குடல் வெளியே வர வாந்தி எடுப்பார்கள்.

இனி என் கதை. ஒரு பிப்ரவரியில் பின்லாந்தின் வடக்கே போத்னியா வளைகுடாவில் டோர்னியோ துறைமுகத்துக்குப் போனோம். அந்த வளைகுடாவில் உப்பு மிகக் குறைவு, அதனால் பனிக்கட்டி கெட்டி. பின்லாந்துக் கப்பல் ஒன்று முன்னால் வழி உடைத்தது. வழி எங்களுக்கு முன்பே மூடிக்கொண்டது. உடனே அது நின்று, பின்னால் வந்து, தன் வால்பக்கத்தில் உள்ள பள்ளத்துக்குள் எங்கள் மூக்கை இழுத்துக் கம்பிவடத்தால் கட்டிக்கொண்டது. யானை தன் குட்டியை இழுத்துப் போவதுபோல இழுத்துப் போனது. மேல்தளத்தில் இருந்தவர்கள் இதையெல்லாம் பார்த்து ரசித்தார்கள். நான் கீழே இருந்தேன். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் நீரை உறிஞ்சும் வாயில் பனிக்கூழ் வந்து அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர், எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லை! சூடான நீரையே திருப்பி அந்த வாய்க்கு விட்டுக் கரைத்துக்கொண்டிருந்தோம், இரவு முழுவதும். சத்தம்? தகர டிரம்முக்குள் உங்களை உட்காரவைத்து வெளியே ஜல்லியைக் கொட்டினால் எப்படி இருக்கும், அது. உங்கள் ரஷ்யரின் படத்தில் இசை போட்டிருந்தால் அது ஏமாற்று.

தென் துருவக் கேள்விக்கு: படத்தில் வந்தது அணுசக்திக் கப்பல் என்றால், போகாது. அதன் அணு உலையைக் குளிர்விக்கக் கடும் குளிர்ந்த கடல் நீர் வேண்டும். வெப்பமண்டலக் கடலைத் தாண்டித் தெற்கே போகும்படி அவற்றைக் கட்டவில்லை.


மறுமொழி: வஞ்சிரம், சேலம் ஐந்து ரோடு

மீன் கடை வைத்திருக்கிறேன். தினமும் காலை நான்கு மணிக்கு ஐஸ் பார் உடைப்பவன் என்ற தகுதியில் சொல்கிறேன். பாரை வளைத்து உடைத்தவன் இந்தச் சேலத்தில் ஒருவனும் இல்லை. கூரான ஊசியால் வரிசையாக நான்கு குத்து, பிளந்துவிடும். ஆகவே கணக்கம்மா சொன்ன கத்தி மூக்கு ஒன்றும் பெரிய குற்றம் இல்லை. கப்பல்காரர் சும்மா மிரட்டுகிறார்.

இன்னொன்று. கடலையே பார்க்காத மலைப் பிள்ளைகளுக்குத் துருவக் கடல் எதற்கு? 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் காட்டினால் பத்துப் பேராவது நேரில் போய்ப் பார்ப்பார்கள்.


மறுமொழி: பழைய எஞ்சின்காரன், ஆத்தூர்

வஞ்சிரம் ஐயா, உங்கள் பார் தரையில் கிடக்கிறது, ஒரு முழ அகலம். நான்கு குத்தில் விரிசல் மறுபுறம் போய்ச் சேர்ந்துவிடும், இரண்டு துண்டும் நகர இடமும் இருக்கிறது. கடலில் மறுபுறம் எங்கே? பல மைல். பிளந்தாலும் துண்டு விலகாது, ஊசியைக் கவ்விக்கொள்ளும். வேண்டுமானால் கடைக்கு வருகிறேன், ஊசியை நடுப் பாரில் ஓங்கி இறக்கிவிட்டு ஒரே கையால் உருவிக் காட்டுங்கள், பார்ப்போம்.


மறுமொழி: மலைக்கணக்கு

வஞ்சிரம் ஐயா, மேட்டூர் அணையைப் பிள்ளைகள் போன வருடமே சுற்றுலாவில் பார்த்துவிட்டார்கள். அங்கே அவர்கள் நினைவில் நின்றது பொரித்த மீன் ஒன்றுதான். கடலைப் பார்க்காதவர்களுக்குக் கடல் எதற்கு என்று கேட்டால், நிலாவைத் தொடாத எனக்கு அமாவாசை எதற்கு என்றும் கேட்கலாம். என்னைக் காப்பாற்ற முயன்றதற்கு நன்றி. ஆனால் சிவப்பு மைதான்.


மறுமொழி: இரும்பாலைக் குடியிருப்பு, சேலம்

மூக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், தகட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் இரும்பாலையில் ஓய்வு பெற்றவன். எவர்சில்வர்த் தகடும் நாணயத்துக்கு வெட்டும் வில்லைகளும் எங்களிடமிருந்து போயின. ஆகவே இந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் சொந்தம்.

சாதாரண எஃகு குளிரில் குணம் மாறும். நம் ஊர் வெயிலில் அடித்தால் நசுங்குகிற அதே எஃகு, கடுங்குளிரில் கண்ணாடிபோல உடையும். பயிற்சிக்காக வேறோர் ஆலைக்குப் போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். விரல் அளவு எஃகுக் கட்டை, நடுவில் ஒரு சிறு வெட்டு. ஊசல்போலத் தொங்கும் பெரிய சுத்தி வந்து அடிக்கிறது. சாதாரணச் சூட்டில் கட்டை வளைந்து கிழிந்தது. குளிரவைத்த கட்டை 'டிங்' என்று இரண்டாகிப் போனது. வெட்டு முகம் சர்க்கரைபோல மினுமினுத்தது. 1943 ஜனவரியில் அமெரிக்காவில் 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல், அலையில்லாத துறைமுகத்தில் கட்டிக் கிடந்தபடியே கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்ததற்கு இந்தக் குணமும், பற்றவைப்பில் இருந்த குறையும் சேர்ந்துதான் காரணம்.

அதனால் பனிக்கடலுக்கான கப்பல் எஃகை மைனஸ் 40, மைனஸ் 60 டிகிரியில் அடித்துப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார்கள். கந்தகமும் பாஸ்பரசும் மிகக் குறைவு, கொஞ்சம் நிக்கல், எஃகுக்குள் இருக்கும் படிக மணிகள் நுண்ணியதாக இருக்க வேண்டும். ரஷ்ய அணுசக்திக் கப்பல்களில் பனி மோதும் பட்டையில் தகடு ஏறக்குறைய 5 செ.மீ. கனம், உள்ளே விலா எலும்புகள் நெருக்கமாக. சில கப்பல்களில் அந்தப் பட்டைக்கு மட்டும் எவர்சில்வர் மேல்தகடு போர்த்துவார்கள். அழகுக்கு இல்லை. பெயிண்ட் ஒரே பருவத்தில் உரிந்துவிடும், பிறகு துரு, துருப்பிடித்த சொரசொரப்பில் உராய்வு, உராய்வு கூடினால் எரிபொருள். எஞ்சின்காரர் போனதாகச் சொல்லும் டோர்னியோவிலும் பெரிய எவர்சில்வர் ஆலை இருக்கிறது. குரோமியத் தாது பக்கத்திலேயே கெமியில் வெட்டுகிறார்கள். எங்கள் தொழிலின் குளிர்ப் பிரதேசச் சம்பந்தி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அந்தப் பனி இல்லை. கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் குன்றுகள் நிலா வெளிச்சத்தில் கொஞ்சம் அப்படித் தெரியும், அவ்வளவே. அந்த வெள்ளைக்கல்லும் சும்மா இல்லை, உருக்கு உலைகளுக்கு உள்பூச்சுச் செங்கல் ஆகிறது.

நம் நாட்டில் உண்டா என்ற கேள்விக்கு: துருவப் பனியை உடைக்கும் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுக்கிறோம். 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட முதல் அண்டார்டிகா பயணமே 'போலார் சர்க்கிள்' என்ற நார்வேக் கப்பலில்தான். ஆராய்ச்சி நிலையங்கள் மட்டும் சொந்தம்: அண்டார்டிகாவில் 1989-இலிருந்து மைத்ரி, 2012-இலிருந்து பாரதி. வட துருவப் பக்கம் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் 2008-இலிருந்து ஹிமாத்ரி. வீடு கட்டிவிட்டு வண்டியை வாடகைக்கு எடுக்கிற குடும்பம் நாம்.


மறுமொழி: மலைக்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. காட்சி நேற்று முடிந்தது.

வாயால் சொன்னால் போதாது என்று ஒரு சோதனை வைத்தேன். எவர்சில்வர்த் தாம்பாளத்தில் விரல் கனத்துக்குத் தண்ணீர் ஊற்றித் தோட்டத்து பங்களா ஃப்ரிட்ஜில் இரண்டு இரவு வைத்தேன். சமையல்காரர் முணுமுணுத்தார், பொருட்படுத்தவில்லை. கல்யாண அண்டாவில் தண்ணீர் நிரப்பி அந்தப் பாளத்தை மிதக்கவிட்டு, கரண்டியின் முதுகால் விளிம்பை அழுத்தினேன். உடையவில்லை. ஒரு பக்கம் அமிழ்ந்து, மறுபக்கம் தூக்கிக்கொண்டு, என் முழங்கை வரைக்கும் நனைத்துவிட்டது. கூடம் முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் முறையும் அதே கதை.

வேறு யார், அவள்தான் எழுந்து வந்தாள். "கடலில் அது இவ்வளவு பெரியது அக்கா, எப்படித் தூக்கிக்கொள்ளும்? அந்தப் பக்கத்தை யாராவது பிடியுங்கள்" என்றாள். இரண்டு பையன்கள் அண்டாவுக்குள் கையை விட்டு மறுபாதியை அமுக்கிப் பிடித்தார்கள். ஐயோ குளிருகிறது என்று கத்திக்கொண்டே பிடித்தார்கள். மறுபடியும் அழுத்தினேன். நடுவில் 'டப்'. மிச்சப் பாதியில் கத்தியைக் கொடுத்து அறுக்கச் சொன்னேன். பாதி தூரத்தில் கத்தி நின்றுவிட்டது. வஞ்சிரம் ஐயா, மன்னிக்கவும், உருவ முடியவில்லை.

பிறகு கரும்பலகையில் 'கத்தி' என்று எழுதி, ஒரு கோடு அடித்து, சிவப்புச் சாக்கட்டியால் 'குழிக்கரண்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலும் ஒரு கையெழுத்து வேண்டும் என்று அவளும் கீழே போட்டாள். லாரி விஷயத்தை அவள் அப்பாவிடம் கேட்டேன். வளைவில் பின்னால் வந்து ஏறுகிறவன் டிரைவரே இல்லை என்று எஞ்சின்காரர் ஐயாவிடம் சொல்லச் சொன்னார்.

அடுத்த படத்துக்கு வர்ணனை அவள் சொல்கிறாளாம். எனக்கு வேட்டியைக் கட்டுகிற வேலை மட்டும். பதினைந்து நிமிடத்துக்குள் மேட்டூர் அணையைப் பற்றி நல்ல படம் இருந்தால், வஞ்சிரம் ஐயா, பெயரைச் சொல்லுங்கள். பொரித்த மீன் வரக் கூடாது.